ஸ்கேட்போர்டு ஏறாதவன் திராஷர் சட்டை போடலாமா?

கேள்வி, 2025 பிப்ரவரி 9

அண்ணா, எம்.எஸ். படிக்க சான் ஹோசே வந்து ஆறு மாதம் ஆகிறது. ஊரிலிருந்து கிளம்பும்போது திருப்பூர் காதர்பேட்டையில் ஐந்தாறு டி-ஷர்ட் அள்ளிக்கொண்டு வந்தேன். அதில் ஒன்றில் நெருப்பு எரிகிற மாதிரி எழுத்தில் ‘திராஷர்’ என்று போட்டிருக்கும். நேற்று லைட் ரெயிலில் ஸ்கேட்போர்டோடு ஏறிய ஒரு பையன் என் நெஞ்சைப் பார்த்துவிட்டு, நீ ஸ்கேட் பண்ணுவியா என்று கேட்டான். இல்லை என்றேன். சிரித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒரு சட்டைக்கு லைசென்ஸ் எல்லாம் வேண்டுமா? போடலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

பிப்ரவரி 9, இரவு

போடலாம்.

பிப்ரவரி 10

அதோடு விட்டிருக்கலாம். பாத்திரம் கழுவும்போது மனசு கேட்கவில்லை.

தம்பி, அந்தச் சிரிப்பு அவன் சொந்தச் சரக்கு இல்லை. திராஷர் துணிக் கம்பெனியாகப் பிறந்ததல்ல, அது ஒரு பத்திரிகை. 1981 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கினார்கள். தொடங்கியவர்களான ஃபாஸ்டோ விட்டெல்லோவும் எரிக் ஸ்வென்சனும் அதற்கு முன்பிருந்தே ‘டிரக்’ செய்து விற்றவர்கள். பலகைக்கு அடியில் சக்கரத்தைத் தாங்குகிற உலோகப் பாகம் அது. ஆக, பலகை ஓட்டுகிறவர்களுக்காக அவர்களே நடத்திய பத்திரிகை. அதன் பெயர் போட்ட சட்டை கிட்டத்தட்ட சந்தாதாரர் அட்டை மாதிரி.

பிறகு பாடகி ரிஹானா போட்டார், ஜஸ்டின் பீபர் போட்டார், மாலுக்கு மால் தொங்கியது. 2016இல் ஆசிரியர் ஜேக் ஃபெல்ப்ஸ் கொதித்துப்போய் ஒரு பேட்டி கொடுத்தார். இவர்களுக்கெல்லாம் நாங்கள் சட்டைப் பெட்டி அனுப்புவதில்லை, நிஜம் ரோட்டில்தான் இருக்கிறது, ரத்தமும் காயமுமாக இருக்கிறது என்கிற பொருளில். கெட்ட வார்த்தைகளை வடிகட்டிவிட்டேன். 1993 முதல் 2019இல் சாகும்வரை அந்த நாற்காலியில் இருந்தவர். அவர் கோபப்பட்டார் என்பதற்காகப் பத்திரிகை சட்டை விற்பதை நிறுத்தவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்.

நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், மாலை போடாமலே கறுப்பு வேட்டி கட்டிக்கொண்டு சபரிமலைக் கும்பலுக்கு நடுவே நிற்கிற மாதிரி. யாரும் அடிக்க மாட்டார்கள். ஆனால் ‘சாமி, எத்தனாவது வருஷம்?’ என்று ஒருவர் கேட்பார். அப்போது என்ன சொல்வாய்?

பிப்ரவரி 10, கொஞ்சம் கழித்து

அந்த உதாரணம் சரியில்லை. கறுப்புச் சட்டை என்றால் ஐயப்ப சாமியாகவும் இருக்கலாம், தி.க.காரராகவும் இருக்கலாம். ஒரே நிறத்தை இரண்டு எதிரெதிர்க் கூட்டம் நிம்மதியாகப் பங்கு போட்டுக்கொண்ட ஊரிலிருந்து வந்தவன் நான் இதை எடுத்திருக்கக் கூடாது.

பிப்ரவரி 13

சட்டையை விடு, ஷூவுக்கு வருவோம். அங்கே ஏமாற்ற முடியாது.

என் மகளுக்குப் பதினொரு வயது. இரண்டு வருஷமாக ஓட்டுகிறாள். அவளுடைய இடது ஷூவில் சுண்டுவிரல் பக்கம் எப்போதும் ஓட்டை. வலது ஷூ புதிதாகவே இருக்கும். முதலில் நான் நடையில் ஏதோ கோளாறு என்று பயந்தேன். காரணம் ‘ஆலி’. பின்காலால் பலகையின் வாலைத் தரையில் அடித்து, அது எழும்பும்போது முன்காலின் வெளிப்பக்கத்தைப் பலகைமேல் தேய்த்துக்கொண்டே முன்னால் இழுக்க வேண்டும். கையில் பிடிக்காமல் பலகையோடு குதிப்பது இப்படித்தான். பலகையின் மேல் ஒட்டியிருக்கும் கிரிப் டேப் வேறொன்றுமில்லை, உப்புத்தாள். கான்வாஸ் என்றால் ரெண்டு வாரம்கூடத் தாங்காது. ஸ்வேட் தோல் கொஞ்சம் தாங்கும்.

பார்க்கில் பெரிய பையன்கள் புதிதாக வருகிறவனின் சட்டையைப் பார்ப்பதில்லை. கண் நேராகக் காலுக்குப் போகும். ஓட்டை எங்கே, எந்தக் காலில் என்று பார்த்தே ஆள் என்ன செய்வான் என்று சொல்லிவிடுகிறார்கள். நெல்லைக் கையில் வாங்கியதும் ஈரப்பதம் சொல்கிற வியாபாரி மாதிரி.

வேன்ஸ் கம்பெனி இதற்காகவே பிறந்தது. அதனால்தான் அந்த ஷூவை ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உறுத்தும்.

பிப்ரவரி 14

தப்பு. மேலே கடைசிப் பத்தியில் எழுதியது முழுத் தப்பு. அழிக்காமல் விடுகிறேன், கிடக்கட்டும்.

வேன்ஸ் 1966இல் கலிபோர்னியாவில் அனஹைம் ஊரில் தொடங்கியது. தொழிற்சாலையும் அதை ஒட்டிய கடையும். பெயர்கூட வான் டோரன் ரப்பர் கம்பெனி. சாதாரண ஜனங்கள் போடுகிற கான்வாஸ் ஷூ செய்தார்கள். ரப்பர் அடிப்பாகம் தடிமன், பிடிப்பு நன்றாக இருந்தது. பலகை ஓட்டுகிற பையன்கள் அதைக் கண்டுபிடித்து வந்து சேர்ந்தார்கள். ஒரு காலில் மட்டும் சீக்கிரம் ஓட்டை விழுகிறது என்பதால் ஒற்றை ஷூவையும் விற்றிருக்கிறார்கள். டோனி ஆல்வா, ஸ்டேசி பெரால்டா போன்ற ஓட்டிகளின் யோசனையோடு இவர்களுக்கென்றே ஒரு மாடல் வந்தது 1976இல், பத்து வருஷம் கழித்து.

ஆக, முதலில் ‘வெளியாள்’ யார்? பலகைக்காரர்கள்தான்.

இன்னும் கேள். டிக்கீஸ் 874 பேன்ட். 1967இலிருந்து வருகிறது. மெக்கானிக்கும் கிடங்குத் தொழிலாளியும் போடுவதற்காக டெக்சாஸ் கம்பெனி தைத்தது. லாஸ் ஏஞ்சலஸ் மெக்சிக அமெரிக்க இளைஞர்கள் அதை இஸ்திரி மடிப்புக் கலையாமல் அணிந்து தங்கள் அடையாளமாக்கினார்கள். அப்புறம்தான் ஸ்கேட்காரன் கையில் வந்தது. கூடைப்பந்துக்காக 1985இல் வந்த ஏர் ஜோர்டானை லான்ஸ் மவுண்டன் போன்ற பெரிய ஓட்டிகள் போட்டு ஓட்டினார்கள். கணுக்காலைக் காப்பாற்றியது, தள்ளுபடியில் கிடைத்தது, அவ்வளவுதான். யாராவது இவர்களை நிறுத்தி, நீ கூடைப்பந்து ஆடுவாயா, லாரிக்கு அடியில் படுத்து எண்ணெய் மாற்றுவாயா என்று கேட்டார்களா?

எங்கள் சான் ஹோசே ஓட்டி ஸ்டீவ் கபாயெரோ கதை எனக்குப் பிடிக்கும். வேன்ஸ் 1989இல் அவர் பெயரில் உயரமான ஷூ போட்டது. பையன்கள் வாங்கி, கணுக்கால் பக்கத்தைக் கத்தரியால் வெட்டி, டேப் சுற்றி ஓட்டினார்கள். 1992இல் கம்பெனி அந்த வெட்டிய உருவத்தையே ‘ஹாஃப் கேப்’ (பாதி கபாயெரோ) என்று விற்றது. நம் கிழிசலைப் பார்த்துத் தையல்காரன் புது மாடல் கண்டுபிடித்த மாதிரி.

வழக்கு முடிந்தது என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 22

முடியவில்லையாம். வீட்டில் மேல்முறையீடு.

மனைவி இதையெல்லாம் படித்துவிட்டுக் கேட்டாள்: ‘அவங்க மெக்கானிக் பேன்ட்டை எடுத்தது கிழியாது, விலை கம்மின்னு. இப்போ அவங்ககிட்டேர்ந்து எடுக்கிறவங்க எதுக்காக எடுக்கிறாங்க?’

பதில் இல்லை. பதிலுக்குப் பதிலாக ஒரு படத்தைக் காட்டினாள். இத்தாலியின் கோல்டன் கூஸ் கம்பெனி 2018இல் விற்ற ஷூ. அழுக்குப் படிந்து, முனையில் டேப் ஒட்டி, பிய்ந்துபோன மாதிரியே புதிதாகச் செய்தது. விலை 530 டாலர். வறுமையை விற்கிறீர்களா என்று ஜனங்கள் திட்டித் தீர்த்தார்கள். என் மகள் ஷூ ஓட்டைக்குப் பசை தடவித் தடவி ஒரு மாதம் இழுக்கிறாள், அந்தப் பசை ஒரு குழாய் சில டாலர்தான். அவள் செய்ததையே கடையில் செய்து கொடுத்தால் 530.

எனவே பிப்ரவரி 14 தீர்ப்பைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். கடன் வாங்குவது எல்லாம் ஒன்றல்ல. மலிவு என்று எடுப்பது வேறு, மலிவாகத் தெரிவதற்காகக் காசைக் கொட்டி எடுப்பது வேறு. காதர்பேட்டை 200 ரூபாய் டி-ஷர்ட் எந்தப் பக்கம் என்று நீயே பார்த்துக்கொள் தம்பி. எனக்கு முதல் பக்கம் என்றுதான் படுகிறது.

மார்ச் 2

என் வண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன். என்னிடமும் ஒரு திராஷர் ஹூடி இருக்கிறது. மாலில் வாங்கியது. மகள் ஓட்டத் தொடங்கிய மாதம், அப்பனும் ஆர்வமாக இருப்பதைக் காட்ட வாங்கினேன். லேக் கன்னிங்ஹாம் ஸ்கேட் பார்க்குக்கு அதைப் போட்டுக்கொண்டு போன முதல் நாள், காரை விட்டு இறங்கும்போதே அவள் சொன்னாள்: ‘அப்பா, ஜாக்கெட்டை மேல போட்டுக்கோ, ஜிப்பை மூடிக்கோ.’ வெயில் நாள் அது. மூன்று மணி நேரம் ஜாக்கெட்டுக்குள் வெந்தேன்.

அப்போது கோபம் வந்தது. இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. சட்டையைக் காப்பதில் இவர்களுக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று யோசித்தால், வேறு எதையும் காக்க விட்டதில்லை என்பது ஒரு காரணம். படிக்கட்டு கிடைத்தால் காவலாளி விரட்டுவான். திண்ணை மாதிரி சிமெண்டு விளிம்பு கிடைத்தால் அதில் பலகை வழுக்கிப் போகாதபடி இரும்புக் குமிழ் பதித்துவிடுவார்கள். சான் ஹோசே நடுவூரில் எத்தனையோ திண்டுகளில் அந்தக் குமிழைப் பார்த்திருக்கிறேன், மகள் காட்டித் தரும்வரை அலங்காரம் என்றே நினைத்தேன்.

இதன் உச்சம் பிலடெல்பியா. அங்கே லவ் பார்க் என்ற சதுக்கம், உலகம் பூராவும் ஓட்டிகளுக்குத் தெரிந்த இடம். 2001, 2002 இரண்டு வருஷமும் எக்ஸ் கேம்ஸ் என்ற சாகச விளையாட்டுப் போட்டியை அந்த நகரம் வரவேற்று நடத்தியது. அதே 2002இல் சதுக்கத்தை மாற்றிக் கட்டி ஓட்டிகளை வெளியே தள்ளியது. காசு கொண்டுவரும் ஸ்கேட்டிங் வேண்டும், காலையில் வந்து ஓட்டுகிற பையன் வேண்டாம். அந்தச் சதுக்கத்தை முதலில் கனவு கண்ட நகரத் திட்டமிடுநர் எட்மண்ட் பேகன், 92 வயதில், தலையில் ஹெல்மெட்டோடு, இரண்டு பக்கமும் ஆட்கள் தாங்கிப் பிடிக்க, அதே இடத்தில் பலகை மேல் ஏறித் தடையை மீறினார். கிழவர் அதற்கு முன் ஸ்கேட் பண்ணியதே இல்லை. அவரைப் பார்த்து போசர் என்று எவனும் சொல்லவில்லை.

போசர் என்பதுதான் இங்கே பெரிய வசவு. வேஷதாரி என்று வைத்துக்கொள். நம் வான்கோழி.

மார்ச் 9

பலகை மாற்றக் கடைக்குப் போனோம். பெயர் வேண்டாம், சின்னக் கடை. உரிமையாளர் ஐம்பது தாண்டியவர், முட்டி இரண்டும் போய்விட்டது. கிரிப் டேப்பை அவரே ஒட்டிக் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. ஒட்டி முடித்து ஓரத்தை அரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, ஓட்டத் தெரியாதவர்கள் வந்து சட்டை வாங்கினால் உங்களுக்கு எரிச்சல் வராதா என்று கேட்டேன்.

தேய்ப்பதை நிறுத்தாமலே சொன்னார். பலகையில் அவருக்கு நிற்பது சில்லறை. வாடகை கட்டுவது சட்டையும் ஷூவும். ஓட்டுகிற பையன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 60, 70 டாலருக்குப் பலகை வாங்குவான், பாதி நாள் சும்மா வந்து உட்கார்ந்து வீடியோ பார்ப்பான். சனிக்கிழமை வந்து மூன்று ஹூடி வாங்கிப் போகிற அம்மாதான் அந்தப் பையன் உட்காருகிற சோபாவுக்குக் காசு கொடுக்கிறாள்.

இதை நான் யோசித்ததே இல்லை. அப்படிப் பார்த்தால் என் மால் ஹூடிதான் பெரிய குற்றம், மாலில் வாங்கியதற்காக.

மார்ச் 10

கடைக்காரர் சொன்னதிலிருந்து ஒரு நூல் பிடித்துப் போனேன். வி.எஃப். என்று ஒரு கம்பெனி. 1899இல் பென்சில்வேனியாவில் கையுறை தைத்துத் தொடங்கியது, பிறகு பெண்கள் உள்ளாடைக்குப் போனது. அது 2004இல் வேன்ஸை வாங்கியது, 2017இல் டிக்கீஸை, 2020இல் சுப்ரீமை. சுப்ரீம் 1994இல் நியூயார்க் லஃபாயெட் தெருவில் பலகைப் பையன்கள் பையோடும் பலகையோடும் நுழைய வசதியாக நடுவில் இடம் காலியாக விட்டுத் திறந்த ஒரு கடை. விலை 210 கோடி டாலர். அதாவது அந்த வருஷக் கடைசியில் ஷூ, பேன்ட், சட்டை மூன்றும் ஒரே முதலாளி. ரெயிலில் சிரித்த பையன் உச்சி முதல் பாதம் வரை அவர்கள் வீட்டுப் பிள்ளை.

2024இல் சுப்ரீமை 150 கோடிக்கு விற்றுவிட்டார்கள். வாங்கியது ரே-பான் மூக்குக்கண்ணாடிக்காரர்கள். கண்ணைத் திறந்துகொண்டேதான் வாங்கியிருப்பார்கள்.

மார்ச் 23

காதர்பேட்டை என்று நீ எழுதியதும் வந்திருக்க வேண்டிய நினைவு ஆறு வாரம் கழித்து வருகிறது. என் சித்தி திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். ஓவர்லாக், பவர் டேபிள் என்று தையல் எல்லாம் தாண்டி வரும் துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, அச்சுப் பிசகு பார்த்து ஒதுக்குகிற வேலை. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் அங்கே பெண்கள் வேலை பார்ப்பார்கள். சித்தி போட்டது செகண்ட்ஸில், அதாவது குறையென்று கழித்ததில், வந்த ஒரு டி-ஷர்ட். முன்னால் மண்டையோடு, கீழே ஏதோ இங்கிலீஷ். என்ன எழுதியிருக்கு சித்தி என்று கேட்டால், ‘யாருக்குத் தெரியும், அச்சு ரெண்டு இஞ்சு எறங்கிருச்சு, அதான் நமக்கு வந்துச்சு’ என்பாள்.

ஃபெல்ப்ஸ் சித்தியைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று இன்று முழுக்க நினைத்துப் பார்த்தேன். அந்த மனுஷன் ரத்தம், காயம் என்றார். சித்தி விரலில் ஊசி ஏறிய தழும்பு இரண்டு இருந்தது.

ஏப்ரல் 6

இடது கையால் தட்டுகிறேன். எழுத்துப்பிழை இருக்கும்.

என் வயது 43. பார்க்கில் மூன்றடி உயர வளைவு. விளிம்பில் பலகையின் வாலை வைத்து நின்று, முன்காலைச் சட்டென்று அழுத்தி உடம்பை முன்னால் சாய்த்து இறங்க வேண்டும். சாய் சாய் என்று மகள் கீழே இருந்து கத்தினாள். உடம்பு கேட்கவில்லை. பயத்தில் பின்னால் சாய்ந்தேன். பலகை முன்னால் போய்விட்டது, நான் போகவில்லை. முதலில் வலது மணிக்கட்டு, அப்புறம் மோவாய். மணிக்கட்டில் விரிசல், மோவாயில் நாலு தையல். ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். எனக்கு இப்போது இரண்டிலும் தையல்.

எழுந்தபோது ஒரு சத்தம் கேட்டது. சுற்றிலும் நின்ற பையன்கள் பலகையின் வாலைத் தரையில் தட்டுகிறார்கள், டக் டக் டக் என்று. அது இங்கே கைதட்டல். என்ன போட்டிருந்தேன் என்று கேட்கிறாயா? ஆபீஸில் கொடுத்த இலவச டி-ஷர்ட், சர்வர் கம்பெனி விளம்பரம்.

ஏப்ரல் 7

மனைவி இந்தக் குறிப்புகளை இத்தோடு நிறுத்தச் சொல்கிறாள். பலகையையும்தான்.

மே 4

நிறுத்தவில்லை. முக்கியமான திருத்தம் ஒன்று இருக்கிறது.

நேற்று மளிகைக் கடை வரிசையில் முன்னால் நின்ற பெண் திராஷர் சட்டை போட்டிருந்தாள், கல்லூரி வயது. என் மகள் அவள் முதுகைத் தட்டி, நீங்க ஸ்கேட் பண்ணுவீங்களா என்று கேட்டாள். அந்தப் பெண் இல்லை என்று சொன்னதும் இவள் ஒரு மாதிரி சிரித்துவிட்டு, முகத்தைத் திருப்பி, தள்ளுவண்டியில் இருந்த தக்காளியை எண்ணத் தொடங்கிவிட்டாள்.

காரில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன். ஏன் அந்த அக்காவைச் சங்கடப்படுத்தினாய், போசர் என்று காட்டவா? அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பார்க்கில் அவள் வயதில் பெண் பிள்ளைகள் அவளையும் சேர்த்து மூன்று பேர். ஒருத்தி வீடு மாறிப் போகிறாள். அக்கா ஓட்டுவாள் என்றால் சனிக்கிழமை வரச் சொல்லலாம் என்று நினைத்தாளாம். இல்லை என்றதும் என்ன பேசுவது என்று தெரியவில்லை, சிரித்துவிட்டாள்.

தம்பி, அந்த ரெயில் பையனை நான் பிப்ரவரியிலிருந்து நீதிபதியாக வைத்தே பேசிக்கொண்டிருக்கிறேன். நீயும் அப்படித்தான் எழுதினாய். அவனும் இதற்காகக் கேட்டிருந்தால்? நான் அங்கே இல்லை, நீ இருந்தாய். சிரிப்பு எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்.

மே 5

நீ பதில் எழுதியதைப் பார்த்தேன். ‘இறங்கும்போது கையை அசைத்த மாதிரி ஞாபகம், ஆனால் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.’ இதை முதல் கேள்வியிலேயே எழுதியிருந்தால் மூன்று மாதம் மிச்சம்.

எல்லோரும் அப்படி இல்லை என்பதும் உண்மைதான். வேண்டுமென்றே குத்துகிறவர்களும் பார்க்கில் உண்டு. என் ஜிப்பை மூடச் சொன்னது வரவேற்பு இல்லையே.

ஜூன் 15

கட்டுப் பிரித்து ஆறு வாரம். அந்த வளைவு பக்கம் போவதில்லை, சமதளத்தில் போய் வருகிறேன். நேற்று ஷூவில் ஓட்டை விழுந்தது! மகளிடம் ஓடிப்போய்க் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். இடது ஷூவில் இல்லை, வலதில். பக்கவாட்டில் இல்லை, அடியில்.

‘அப்பா, இது பிரேக் போட்ட ஓட்டை’ என்றாள். காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நிறுத்தியதில் வந்தது. பார்க்கில் இதைக் கழற்றிக் காட்டாதே என்றும் சொன்னாள். ஹூடி பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அதைத்தான் போட்டிருந்தேன்.